வெலிகமவா, அறுகம்பையா? இலங்கைக்கு முதல்முறை சர்ஃபிங் போகிறவர்களுக்கு

இலங்கையில் சர்ஃபிங் பழகலாம் என்று யோசிக்க ஆரம்பித்ததும் எல்லோர் வாயிலும் வருகிற பெயர்கள் இரண்டு. தெற்குக் கரையில் வெலிகம, கிழக்குக் கரையில் அறுகம்பை. எது நல்ல ஊர் என்று பொதுவாகக் கேட்டால், கேட்ட ஆள் எங்கே போய் வந்தாரோ அந்த ஊரைத்தான் சொல்வார். நீங்கள் எந்த மாதம் போகிறீர்கள், அலையில் எவ்வளவு பழக்கம், கையில் எத்தனை நாள், கூட வருகிறவர்கள் யார் என்ற வரிசையில் யோசித்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு முதல் கேள்வியிலேயே ஊர் முடிவாகிவிடும்.

முதலில் மாதம்

விமான டிக்கெட்டைத் தேடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். சின்னத் தீவுதான், ஆனால் இரண்டு பருவக்காற்று மாறி மாறி அடிக்கிற தீவு. மே முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வரும். சர்ஃபிங்குக்கு அலையின் உயரம் எவ்வளவு முக்கியமோ அதே அளவு காற்றின் திசையும் முக்கியம். கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்று அலையைக் கலைத்து, நாலாபக்கமும் நுரையாக உடைத்துப் போட்டுவிடும். கரையிலிருந்து கடலுக்குப் போகிற மெல்லிய காற்றோ அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும், அலை நிதானமாக நிமிர்ந்து ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக உடையும்.

அதனால்தான் வெலிகமவுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அறுகம்பைக்கு மே தொடங்கி செப்டம்பர் வரை என்று சீசன் பிரிகிறது. தென்மேற்குக் காற்று மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்ட வெப்பக்காற்றாக ஆகிவிடும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதைக் கச்சான் என்பார்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் அறுகம்பையில் மழை அபூர்வம், காற்றும் கரையிலிருந்து கடலை நோக்கிப் போகும். இதே நாட்களில் வெலிகமவில் கடல் கலங்கிக் கிடக்கும். வெலிகம விரிகுடா ஓரளவு மறைவான இடம் என்பதால் அப்போதும் விடியற்காலையில் பழகுகிறவர்களைப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட வேண்டாம். ஜனவரியில் அறுகம்பைக்குப் போவதும் அப்படித்தான், மழையில் பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரங்களும் கொஞ்சம் குழப்பமான காலம். கோடை விடுமுறையை அப்போது மட்டுமே எடுக்க முடிகிறவர்கள் நிறையப் பேர். தெற்கே சீசன் முடிகிற நேரம், காற்று திரும்ப ஆரம்பித்திருக்கும். கிழக்கே அப்போதுதான் ஊர் விழித்துக்கொண்டிருக்கும், அலை சிறிதாக இருக்கும், கூட்டமும் இருக்காது. முதல்முறை போகிறவருக்குச் சின்ன அலை குறையே இல்லை, மே மாதம் என்றால் நான் கிழக்கைத்தான் சொல்வேன். அக்டோபர் அப்படி இல்லை. கிழக்கே சீசன் வடிந்துகொண்டிருக்கும், தெற்கே இன்னும் சரியாக அமைந்திருக்காது, இடையில் இடி மழை வேறு. தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் நவம்பர் நடுவுக்குத் தள்ளுங்கள்.

உங்கள் நிலை என்ன என்று உள்ளபடி சொல்லுங்கள்

போர்டில் இதுவரை ஏறாதவர், நுரை அலையில் எழுந்து நிற்கத் தெரிந்தவர், உடையாத பச்சை அலையைத் தானே பிடித்துப் பக்கவாட்டில் போகத் தெரிந்தவர் என்று மூன்று நிலைகளாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் நிலைக்கு வெலிகம மாதிரி இடம் கிடைப்பது கஷ்டம். அகலமான விரிகுடா, அடியில் மணல், கரையிலிருந்து வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர். பாறை இல்லை, பவளம் இல்லை, விழுந்தால் மணலில்தான் விழுவீர்கள். பயிற்சியாளர் நெஞ்சளவு தண்ணீரில் நின்று உங்கள் போர்டின் வாலைப் பிடித்தபடி பின்னால் திரும்பி அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் குப்புறப் படுத்திருப்பீர்கள். நல்ல அலையாக ஒன்று வரும்போது கைகளால் துடுப்புப் போடச் சொல்லி ஒரு தள்ளு தள்ளுவார், அதற்கப்புறம் உங்கள் பாடு. அந்த ஒரு வினாடியில் போர்டின் மூக்கு தண்ணீருக்குள் குத்தினால் நீங்கள் அதிகம் முன்னால் படுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அலை உங்களைத் தாண்டிப் போய்விட்டால் அதிகம் பின்னால். சரியான இடத்தைக் கண்டுபிடித்தவுடன் போர்டில் ஒரு அடையாளத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நெஞ்சை அதே இடத்தில் வையுங்கள். எழும்போது கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றுங்கள், போர்டின் ஓரத்தைப் பிடிக்காதீர்கள், கண் கரையில் இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் உடம்பும் அந்தப் பக்கமே சாயும்.

வெலிகமவின் குறை கூட்டம். ஜனவரி, பிப்ரவரியில் காலை 9 மணிக்குக் கரை முழுக்கப் பழகுகிறவர்கள்தான், இங்கே அடிபடுகிறவர்களில் பலரும் அலையால் அல்ல, அடுத்தவர் போர்டால்தான் அடிபடுகிறார்கள். விடிந்தவுடன் ஆறரை மணிக்கு இறங்கினால் காற்றும் இருக்காது, ஆட்களும் குறைவு. கரையோரமாகக் கொஞ்சம் நடந்து, போர்டுகள் குவிந்திருக்கிற இடத்தைத் தாண்டி இறங்குவதும் உதவும்.

அறுகம்பைக்கு வருவோம். அந்த ஊருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது மெயின் பாயின்ட் என்கிற அலை. 2019இல் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று அறுகம்பையில் நடந்தது. கடலுக்குள் நீண்டிருக்கும் முனையைச் சுற்றி வளைந்து வந்து வலப்பக்கமாக உடைகிற அலை, நல்ல நாளில் சில நூறு மீட்டர் தூரம் ஓடும். ஆனால் அடியில் பாறையும் பவளமும், சில இடங்களில் தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது, மேலே அனுபவசாலிகளின் நெரிசல். புதியவர்கள் அங்கே இறங்கவே கூடாது, பயிற்சியாளர் கூட்டிப் போகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்பக்கமாக பேபி பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது, பழகுகிறவர்கள் அங்கே போவார்கள். அதைவிட நான் பரிந்துரைப்பது வடக்கே இருக்கும் விஸ்கி பாயின்ட். பெரும்பாலும் மணல், மெதுவாகச் சரிகிற அலை, ஆட்டோவில் போய்வர வேண்டும். தெற்கே பாணமை போகிற பாதையில் பீனட் ஃபார்ம் இருக்கிறது, அங்கேயும் உள்பக்கத்து அலை சாதுவானது. ஆக, அறுகம்பையில் பழக முடியும், நன்றாகவே முடியும். ஆனால் தினமும் காலையில் ஒரு ஆட்டோப் பயணம் உண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெலிகமவில் அறையிலிருந்து வெறுங்காலோடு நடந்தே போய் இறங்கிவிடலாம்.

இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்கு எந்த ஊரும் சரி. மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டவர்கள் வெலிகமவில் நாலு நாளில் சலித்துப்போவார்கள். அவர்கள் வெலிகமவை இருப்பிடமாக வைத்துக்கொண்டு, மேற்கே மிதிகமவின் லேசி ரைட், லேசி லெஃப்ட் அலைகளுக்கும் அஹங்கம பக்கத்துக் கபலானவுக்கும் போகலாம். மே முதல் செப்டம்பருக்குள் என்றால் நேரே அறுகம்பை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அறுகம்பைச் சுற்றுவட்டாரத்துப் பாயின்ட் அலைகள் எல்லாமே வலப்பக்கம் உடைபவை. இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு அலையின் முகம் கண்முன்னே இருக்கும், வலது காலை முன்வைப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பக்கமும் பழக வேண்டுமென்றால் தெற்கில்தான் வசதி.

எத்தனை நாள்

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வெலிகமவுக்கு அதிவேகப் பாதை வழியாகக் காரில் சுமார் மூன்று மணி நேரம். கொழும்பு கோட்டையிலிருந்து கடலோர ரயிலும் உண்டு, காலி வழியாக மாத்தறை போகிற பாதையில் வெலிகம ஒரு நிலையம், கடல் பக்கத்து ஜன்னல் கிடைத்தால் அந்தப் பயணமே விடுமுறைதான். அறுகம்பைக்கு ரயில் கிடையாது. காரில் ஏழு எட்டு மணி நேரம், பஸ்ஸில் அதற்கும் மேல், மொனராகலை வழியாகப் பொத்துவில் போய் அங்கிருந்து ஆட்டோ. விமானம் இறங்கிய அன்றே இந்தத் தூரத்தைப் போனால் மறுநாள் காலை உடம்பு தண்ணீரில் ஒத்துழைக்காது.

ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் அறுகம்பைக்கு ஆசைப்படாதீர்கள், போகவர இரண்டு நாள் கரைந்துவிடும். எட்டு நாளாவது இருந்தால் போகலாம், அதிலும் வழியில் எல்லவில் ஒரு இரவு தங்கி, மலையிலிருந்து வெல்லவாய, மொனராகலை வழியாக இறங்கினால் அலுப்புத் தெரியாது. ஒரே பயணத்தில் இரண்டு ஊரையும் முடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், ஏதாவது ஒன்றில் சீசன் தப்பியிருக்கும்.

கூட வருகிறவர்கள்

சர்ஃபிங்கில் ஆர்வமே இல்லாத ஒருவர் கூட வருகிறார் என்றால் இது பெரிய விஷயம். நீங்கள் காலையும் மாலையும் தண்ணீரில் இருப்பீர்கள், அவர் என்ன செய்வார்? வெலிகமவிலிருந்து காலிக் கோட்டை ஒரு மணி நேரத்துக்குள், பக்கத்து மிரிஸ்ஸவில் சீசனில் திமிங்கிலம் பார்க்கப் படகு போகும், கொக்கல பக்கம் கடற்கரைகள், ஊருக்குள் நல்ல கடைகள், சின்னக் குழந்தைகள் விளையாட மணல். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்குத் தெற்கு சுலபம். அவசரம் என்றால் மாத்தறையிலும் காலியிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன என்பதும் ஒரு நிம்மதி. அறுகம்பையிலிருந்து பக்கத்தில் இருப்பது பொத்துவில் ஆதார வைத்தியசாலை, அதற்கும் மேல் தேவைப்பட்டால் அக்கரைப்பற்றோ அம்பாறையோ போக வேண்டியிருக்கும்.

காடும் பறவையும் பிடித்தவர் என்றால் கதை மாறும். குமண தேசியப் பூங்கா அறுகம்பைக்குத் தெற்கே, பொத்துவில் களப்பில், அதாவது கடலோர உப்பங்கழியில், கண்டல் மரங்களுக்கு நடுவே வள்ளத்தில் அழைத்துப் போவார்கள், அதிகாலையில் லாகுகல பக்கம் யானைகள் தெரியும். பூங்கா வாசலில் உகந்தை முருகன் கோவில், கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்து போகிற பாதயாத்திரைக்காரர்கள் ஜூன், ஜூலை வாக்கில் அங்கே வந்து சேர்வார்கள்.

தமிழ் வாசகருக்குக் கிழக்கில் இன்னொரு பெரிய வசதி உண்டு. பொத்துவில் தமிழ் பேசுகிற ஊர். ஆட்டோக்காரரிடம், மீனவரிடம், விடுதி நடத்துகிற அம்மாவிடம் நேரடியாகப் பேசலாம், இன்றைக்கு எந்த முனையில் அலை நன்றாக இருக்கிறது என்று உங்கள் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சர்ஃபிங் ஊர் என்று உலகம் பேசுகிற எத்தனை இடங்களில் இது கிடைக்கும்? கடலைப் பற்றி எந்தச் செயலியும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். வெலிகமவில் சிங்களம்தான் பிரதானம், ஆங்கிலம் செல்லும்.

பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ பழக வருகிறார்கள் என்றால் இரண்டு ஊரிலும் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். 2018இல் உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு தொடங்கிய அறுகம்பை கேர்ள்ஸ் சர்ஃப் கிளப் இந்தப் பக்கத்தில் நிறைய மாற்றியிருக்கிறது. பொத்துவில் டவுனில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், கடலிலிருந்து நேராக ஈர உடையோடு கடைவீதிக்குள் போகாமல் மேலே ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள், ஆண்களுக்கும் இது பொருந்தும்.

ஊர் முடிவான பின்: பாடமும் போர்டும்

நீச்சல் தெரியாமல் போகாதீர்கள். வெலிகமவில் தண்ணீர் இடுப்பளவுதானே என்று சொல்வார்கள், ஆனால் காலில் கட்டிய கயிறு அறுந்து போர்டு போய்விட்டால் உங்களைக் காப்பாற்றுவது நீச்சல்தான். ஊரிலேயே நீச்சல் குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்தும் அளவுக்குப் பழகிவிட்டு வாருங்கள். கூடவே தினமும் தண்டால். சர்ஃபிங்கில் பெரும்பகுதி நேரம் துடுப்புப் போடுவதிலேயே போய்விடும், இரண்டாம் நாள் தோள் தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற புதியவர்களை இரண்டு கரையிலும் பார்க்கலாம்.

பயிற்சியாளரைப் பணம் கொடுப்பதற்கு முன் கரையில் நின்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள், இரண்டு பேருக்கு மேல் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். உயிர்காப்புப் பயிற்சிச் சான்று இருக்கிறதா, மணலில் முதலில் சொல்லித் தருகிறாரா, இன்றைக்குக் கடல் உள்ளே இழுக்கிற நீரோட்டம் எங்கே இருக்கிறது என்று விளக்குகிறாரா என்று கவனியுங்கள். போர்டு நுரை மேற்பரப்பு உள்ளதாக, எட்டு அடியாவது இருக்கட்டும், கனமானவர்களுக்கு ஒன்பது. சின்ன போர்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் புதியவர் அதில் ஒரு அலையும் பிடிக்க மாட்டார். வாடகைக்கு எடுக்கும்போது ஏற்கனவே இருக்கிற கீறல், உடைப்பு எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது வருகிற வாக்குவாதம் பாதிக்கு மேல் குறையும்.

அலை முன்னறிவிப்புப் பார்க்கப் பழகுங்கள். விண்டி, விண்ட்குரு, சர்ஃப்லைன் எதுவானாலும் சரி. உயரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான வினாடிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மீட்டர் அலை 7 வினாடி இடைவெளியில் வந்தால் அருகிலிருக்கிற காற்று கிளப்பிய சலசலப்பு, அதே ஒரு மீட்டர் 14 வினாடி இடைவெளியில் வந்தால் இந்தியப் பெருங்கடலின் தெற்கு மூலையில் எங்கோ அடித்த புயலிலிருந்து கிளம்பி வந்த பலமான அலை, கரையில் எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும்பும். புதியவர் 14 வினாடி நாளில் ஆர்வத்தை அடக்கிக்கொண்டு பயிற்சியாளர் சொல்கிற இடத்தில் மட்டும் இறங்க வேண்டும். இலங்கையில் கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், மணல் கரையில் அதைப் பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை, பவளத்தின் மேல் உடைகிற அலைகளில் மட்டும் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் நடந்துகொள்ளும் முறை

அலை முதலில் உடைகிற இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் விட்டுவிட வேண்டும். வெளியே துடுப்புப் போட்டுப் போகும்போது சவாரி செய்துவருகிறவரின் பாதையில் போகாமல் சுற்றிப் போங்கள். எந்தக் காரணத்துக்கும் போர்டைக் கைவிட்டுவிட்டு முங்காதீர்கள், பின்னால் ஒரு தலை இருக்கலாம். விழுந்து மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள்.

கடல் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாதீர்கள். போர்டைப் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போனால் சற்று தூரத்தில் இழுவை விட்டுவிடும். பவளத்தில் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள், அன்றே நன்றாகக் கழுவி மருந்து போடாவிட்டால் சீழ் பிடித்து மீதி விடுமுறை அறையில்தான்.

அறுகம்பைப் பக்கம் களப்புகளின் ஓரத்தில் கை கால் கழுவவோ குளிக்கவோ இறங்கவே கூடாது. முதலைகள் இருக்கின்றன. 2017இல் வெளிநாட்டுப் பயணி ஒருவர் அப்படித்தான் இறந்துபோனார். மாலை மங்கிய பின் பாணமைப் பாதையில் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள், யானைகள் சாலையைக் கடக்கும். சுற்றுலாப் போலீசுக்கு 1912, இலவச ஆம்புலன்சுக்கு 1990, இரண்டு எண்களையும் கைப்பேசியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதமும் பையும்

ஈ.டி.ஏ என்கிற மின்னணு நுழைவு அனுமதியை இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே எடுங்கள், அதே மாதிரி தோற்றமளிக்கிற தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும். எந்த நாட்டுக்காரருக்குக் கட்டணம், யாருக்கு இல்லை என்பது அடிக்கடி மாறுகிறது, கிளம்புவதற்கு முந்தைய வாரம் மறுபடியும் பாருங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் உங்கள் நாட்டு லைசென்ஸ் மட்டும் அங்கே போதாது, உள்ளூர் அனுமதி தேவை, அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது. காப்பீடு எடுக்கும்போது சர்ஃபிங் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு, குளிரைத் தாங்குகிற ரப்பர் உடை (வெட்சூட்) தேவையில்லை. முழுக்கைச் சட்டை ஒன்று அவசியம், இல்லாவிட்டால் போர்டின் மேற்பரப்பு நெஞ்சையும் வயிற்றையும் உரசித் தோலை எடுத்துவிடும். முகத்துக்குத் துத்தநாகக் களிம்பு, அறுகம்பைக்கு என்றால் ரப்பர் காலுறை. போயா எனப்படும் பௌர்ணமி நாட்களில் மது விற்பனை இல்லை, வங்கிகளும் மூடியிருக்கும், கையில் இலங்கை ரூபாய் வைத்திருங்கள்.

அறையை மொத்த நாளுக்கும் முன்பதிவு செய்யாதீர்கள். முதல் மூன்று இரவு மட்டும் போட்டுவிட்டு, போய் இறங்கி, கரையைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்த பயிற்சியாளர் எந்தப் பக்கம் சொல்லித் தருகிறார் என்று தெரிந்த பிறகு மீதியைப் போடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் அறுகம்பைக்கும், கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடு வரை வெலிகமவுக்கும் இது செல்லாது, அந்த வாரங்களில் அறை கிடைப்பதே பாடு, அப்போது மட்டும் இரண்டு மாதம் முன்னாலேயே முழுசாகப் போட்டுவிடுங்கள்.